பக்கத்துச் செல்கள்

எங்கள் அக்கா புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் பிடித்து வைக்கும் மரபணுக்கள் நம் உடம்பில் உண்டு. அவற்றில் ஒன்று செயலிழந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மற்றவர்கள் புற்றுச் செல்லையே முறைத்துக்கொண்டிருக்க, இவள் அதைச் சுற்றியிருந்த நல்ல செல்களை நோண்டினாள்.

"திருடனை விட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிறியேம்மா," என்றார் துறைத் தலைவர்.

"போலீஸ் வந்தா கேட்டைப் பூட்டுறது அவர்தான் சார்."

அவள் கண்டது அதுதான். அந்த மரபணு செயலிழந்த புற்றுச் செல், அக்கம்பக்கத்து நல்ல செல்களுக்கு ரசாயனத் தூது விடுகிறது. அவை மாறிப்போய்ச் சுற்றிலும் நார் நாராய் வேலி பின்னுகின்றன. நோயை அழிக்க வரும் வெள்ளையணுக்கள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. மரபணுவை மறுபடி இயங்க வைத்தால் வேலி தளர்கிறது.

தலைவர் நம்பவில்லை. எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாததால் 'சந்தேகம்' என்று பெயர் வாங்கிய சக ஆய்வாளரிடம் சோதனையை ஒப்படைத்தார். அவர் தானே செல்களை வளர்த்து, நல்ல செல்கள் மட்டும் தெரியும்படி சாயமேற்றி, அடையாளம் எதுவும் எழுதாத கண்ணாடித் தகடுகளை அக்காவிடம் நீட்டினார்.

"எதுல மரபணு போச்சு, எதுல இருக்கு? சொல்லுங்க."

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நுண்ணோக்கியில் குனிந்தவள் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். சந்தேகம் தன் குறிப்போடு சரிபார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுகூட தப்பலை," என்றார். குரலில் அவருக்கே ஒரு சந்தோஷம்.

தலைவர் தானும் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு, "அடுத்த மாச மாநாட்டுல நம்ம கூடத்து சார்பா நான் பேசறதா இருந்தேன். நீயே பேசும்மா," என்றார்.

மாநாட்டுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். மேடையில் அக்கா தடங்கலே இல்லாமல் பேசினாள். பக்கத்து இருக்கையில் இருந்த மருத்துவர் அம்மாவிடம், "உங்களுக்குப் புரியுதாம்மா?" என்று கேட்டார்.

"பாதி புரியுது. மீதியை வீட்டுக்கு வந்து அவளே சொல்லுவா. நான் அவ அம்மா."

மருத்துவர் எழுந்து கும்பிட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டாள். யாரையும் கேட்காமல் நானும் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன்.