பதினெட்டாம் பக்கத்துப் பந்தி

அறிக்கையின் பதினெட்டாம் பக்கத்தில் இருந்த ஒரு பந்தியை எடுத்துவிடும்படி பணிப்பாளர் சொன்னபோது சுபாஜினி இரண்டு வசனம் மறுத்துப் பேசினாள். பிறகு எடுத்துவிட்டாள்.

அவள் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரி. கொழும்பில், வெளிநாட்டு வர்த்தகப் பேச்சுகளுக்கு ஆவணம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. சுற்றாடலுக்கு நன்மை தரும் பொருட்களின் இறக்குமதித் தீர்வையை அடியோடு நீக்கலாம் என்று சில நாடுகள் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையும் சேர்வதாக இருந்தது. முன்பு இப்படி ஒரு துறைக்கென்று தனியாகச் செய்த ஒப்பந்தங்களில் இருந்து என்ன படிக்கலாம் என்று அறிக்கை எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது.

நான்கு மாதம் பழைய கோப்புகளோடு கிடந்தாள். தொண்ணூறுகளில் கணினிப் பொருட்களுக்கென்று செய்த ஒப்பந்தத்தைத்தான் அதிகம் தோண்டினாள். ஒரு பட்டியல் எழுதி, இதில் உள்ளவற்றுக்கு வரி இல்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். வியாபாரம் பெருகியது உண்மைதான். ஆனால் பொருட்கள் மாறிக்கொண்டே போக, பட்டியல் ஏறக்குறைய இருபது வருடம் அப்படியே கிடந்தது. ஒரு திரை கணினிக்கு உரியதா, தொலைக்காட்சிக்கு உரியதா என்று நாடுகள் வருடக்கணக்கில் வழக்காடின. பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அவ்வளவுதான் சுங்கத்துக்குத் தெரியும்.

அந்த நாட்களில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் அச்சுவேலியில் தம்பிராசாவின் பட்டறைக்குப் போனாள். அவர் தாய்வழியில் தூரத்துச் சொந்தம். ஐம்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி. கிணற்றுத் தண்ணீரில் இருந்து நைத்திரேற்றை எடுக்கும் வடிகட்டியைச் செய்து விற்றுவந்தார். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடும் யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணறுகளுக்கு இறங்கிவிடும். நிறமில்லை, மணமில்லை. வளர்ந்தவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்கு அது நஞ்சு.

அவருடைய வடிகட்டி பார்க்க வடிவில்லாத ஒரு நீலப் பீப்பாய். உள்ளே றெசின் என்கிற மஞ்சள் மணிகள், மணலைப் போல. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உப்புத் தண்ணீரால் அலசினால் மணிகளில் ஒட்டிய நைத்திரேற்று கழன்றுவிடும். அலசுவதற்குத் தம்பிராசாவின் ஆட்களே வீடு வீடாகப் போவார்கள். பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள்.

"உங்கடை புதுப் பட்டியலிலை என்ரை மணியைப் போட்டிருக்கிறியளோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. முழு மெசினைத்தான் போட்டிருக்கு. நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் எண்டு."

"அப்ப வெளியிலை செய்த பெட்டி வரியில்லாமல் வரும். நான் செய்யிறதுக்கு வேண்டுற சாமானுக்கு வரி. அப்பிடியோ?"

"இப்போதைக்கு அப்பிடித்தான் கிடக்கு. நான் எழுதிறன்."

எழுதினாள். முழு இயந்திரத்துக்கு வரியை எடுத்து அதன் உட்பொருளுக்கு வரியை விட்டுவைத்தால் முதலில் உள்ளூரில் செய்பவர்கள் போவார்கள், அடுத்து வாங்கியவர்களுக்கு மாற்றுப்பாகம் கிடைக்காமல் போகும், இயந்திரத்தைப் பராமரிக்கும் ஆட்களையும் பேச்சில் சேர்க்க வேண்டும் என்று எழுதினாள். அதுதான் பதினெட்டாம் பக்கத்துப் பந்தி.

பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகவே விளக்கினார். றெசின் சீனி ஆலைக்கும் மருந்துத் தொழிலுக்கும் போகிற பொருள். அதைப் பட்டியலில் போட்டால் அவர்களும் அதே வாசலால் வருவார்கள். இருபது நாடுகள் ஒத்துக்கொண்ட பட்டியலைத் திரும்ப அவிழ்த்தால் ஒவ்வொரு நாடும் தனக்கொன்று கேட்கும். ஒரு பட்டறைக்காக ஒரு பந்தியா என்று கடைசியாகக் கேட்டார். சுபாஜினிக்கு அந்த வருடம் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் வெள்ளைப் பெட்டிகள் வந்து நிறைந்தன. சுவரில் கொழுவலாம். முன்பக்கத்தில் பச்சை வெளிச்சம். தம்பிராசாவின் பீப்பாயை விட விலை குறைவு, பார்வைக்கும் அழகு. வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊரிலுள்ள சொந்தங்களுக்குக் காசு அனுப்பி வாங்கிக் கொடுத்தார்கள். பதினான்காம் மாதம் தம்பிராசா பட்டறையைப் பூட்டினார். அவரிடம் வேலை செய்தவர்களில் இருவர் கட்டாருக்குப் போனார்கள், மற்றவர்கள் கூலி வேலைக்கு.

அடுத்த தையில் சுபாஜினியின் சித்தியின் மகள் கோபிகா கர்ப்பமானாள். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. புருசன் பிரவீணன் வெங்காயத் தோட்டக்காரன். வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் ஒன்றுதான். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சுபாஜினிக்குத் தெரியும். தம்பிராசாவிடம் கேட்கலாம் என்றால் பட்டறை இல்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ஒரு வெள்ளைப் பெட்டியை வாங்கி, தானே கொண்டுபோய்க் குசினிச் சுவரில் பூட்டுவித்தாள்.

"ஆறு மாதத்துக்கு ஒருக்கா உள்ளுக்கிருக்கிற குழாயை மாத்த வேணும். மறந்திடாதை" என்றாள்.

கோபிகா மறக்கவில்லை. ஆறாம் மாதம் பிரவீணன் கடைக்குப் போனான். உள்குழாய் வரவில்லை என்றார்கள். பெட்டிக்குத்தான் வரி இல்லை. றெசின் நிரப்பிய குழாய் தனியாக வந்தால் சுங்கத்தில் அது வேறு பொருள், இரசாயனப் பிரிவு, முழுத் தீர்வை. இறக்குமதி செய்தவர் முதல் தொகுதியோடு நிறுத்தியிருந்தார். இதெல்லாம் கடைக்காரனுக்குத் தெரியாது. "அடுத்த மாதம் வரும் அண்ணை. பச்சை லைற் எரியுதெல்லே, பயப்பிடாதேங்கோ" என்றான். அந்த வெளிச்சம் மின்சாரம் இருப்பதை மட்டுமே காட்டியது.

பெண் பிள்ளை பிறந்தது. ஆரணி என்று பெயர் வைத்தார்கள். கோபிகாவுக்குத் தாய்ப்பால் போதவில்லை; ஐந்தாம் கிழமையில் இருந்து பால்மா கரைத்துக் கொடுத்தாள்.

இரண்டரை மாதத்தில் பிள்ளையின் உதடு கறுத்தது. குளிர் என்று நினைத்துக் கம்பளியால் சுற்றினார்கள். மூன்றாம் நாள் நகக்கண்களும் சாம்பல் நிறமாயின. நான்காம் நாள் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தபோது அது சிவப்பாக இருக்கவில்லை, சொக்கிலேற்றின் நிறத்தில் இருந்தது. வைத்தியர் அதைப் பார்த்தவுடனேயே, "எந்தத் தண்ணியிலை பால் கரைக்கிறனியள்?" என்று கேட்டார். ஊசி ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலம் உதட்டில் நிறம் வந்தது. கோபிகா பிரவீணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கோ, பாருங்கோ" என்றாள். அன்று பின்னேரம் நாலரைக்குப் பிள்ளை போய்விட்டது.

சுபாஜினி அடுத்த நாள் காலை புகையிரதத்தில் வந்து சேர்ந்தாள். பிள்ளையை அதற்குள் அடக்கம் செய்திருந்தார்கள். எட்டாம் நாள், சனங்கள் குறைந்த பிறகு, தம்பிராசாவைக் கூட்டிவந்து தண்ணீரைச் சோதித்தாள். அவரிடம் பட்டறைக் காலத்துச் சோதனைத் தாள்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த தாள் இளஞ்சிவப்பானது. பெட்டியில் இருந்து வந்த தண்ணீரில் தோய்த்த தாள் அதைவிடக் கடுமையாகச் சிவந்தது.

"என்னண்டு அண்ணை இது? கிணத்தை விடக் கூடவோ?"

"மணி நிரம்பிப்போச்சு, பிள்ளை. நிரம்பினால் பிடிச்சு வைச்சதைத் திருப்பி விடும். உந்தத் தண்ணியிலை வேறை உப்புகளும் கிடக்கெல்லே, அது வந்து தள்ளிப்போடும். அதுதான் நாங்கள் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து அலசினது." அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பெட்டி இல்லாட்டிலும் பிள்ளைக்கு ஆபத்துத்தான். பெட்டி இருந்ததாலை இவையள் பயப்பிடாமல் குடுத்திருக்கினம்."

கோபிகா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

"நான் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தனான், அக்கா. ஒவ்வொரு முறையும் பத்து நிமிசம் கொதிக்க வைச்சனான்."

சுபாஜினி திரும்பிப் பார்த்தாள்.

"டொக்டர் சொன்னவர், கொதிக்க வைச்சால் தண்ணி வத்தி அது இன்னும் கூடுமெண்டு. உண்மையோ?"

பொய் சொல்லலாம் என்று சுபாஜினிக்கு ஒரு கணம் தோன்றியது. "ஓம்" என்றாள். "ஆனால் பிழை உன்னிலை இல்லை."

"அப்ப ஆரிலை?"

அவள் சொன்னாள். பட்டியலைப் பற்றியும், பெட்டி உள்ளே வந்து குழாய் வெளியே நின்றதைப் பற்றியும், தான் எழுதி, தானே அழித்த பந்தியைப் பற்றியும் ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் அவ்வளவு தெளிவாக இருந்த விசயம் அந்தக் குசினி வாசலில் அர்த்தமில்லாமல் கேட்டது.

கோபிகா முடியும்வரை கேட்டாள். "உங்களுக்கு இப்பிடி வருமெண்டு தெரியும். எழுதியும் இருக்கிறியள்."

"பிள்ளை சாகுமெண்டு தெரியாது, கோபி."

"தெரிஞ்சுதானே என்னைக் குழாய் மாத்தச் சொன்னனீங்கள்?" குரல் உயரவில்லை. "இனி இஞ்சை வராதேங்கோ அக்கா."

சுபாஜினி எழும்பிப் போனாள். தம்பிராசா செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். ஒழுங்கை முடிந்து பெருந்தெரு வரும்வரை கூடவே நடந்தார்.

ஒப்பந்தத்தின் பட்டியலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்யலாம் என்று ஒரு விதி இருந்தது. முதல் மீளாய்வுக்கான ஆயத்தக் கூட்டம் அடுத்து வந்த மாசியில் கொழும்பில் நடந்தது. சுபாஜினி பழைய பந்தியைத் திரும்ப எழுதி, வைத்தியரின் குறிப்பையும், பதினாறு வீடுகளில் எடுத்த தண்ணீர்ச் சோதனையையும் அதோடு இணைத்தாள். எவரும் அவளை எதிர்க்கவில்லை. பணிப்பாளர் தலையைக் குனிந்தபடி வாசித்தார். ஆனால் மீளாய்வில் ஒரு புதுப் பொருளைச் சேர்க்க எல்லா நாடுகளும் உடன்பட வேண்டும். றெசினைத் தாங்களே செய்கிற இரண்டு நாடுகள், மலிவான வெளிநாட்டு றெசின் உள்ளே வந்துவிடும் என்று ஏற்கனவே மறுத்திருந்தன. இலங்கை மட்டும் தனியாக வரியை எடுத்தால் சீனி ஆலைகளும் அதே வாசலால் வரும் என்பது பழைய பதில். ஒரு மரணத்தை வைத்து நிலைமையை மதிப்பிட முடியாது என்று இன்னோர் அதிகாரி மெதுவாகச் சொன்னார். அவளுடைய தாள்கள் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. அடுத்த மீளாய்வு இன்னும் மூன்று வருடத்தில்.

பெட்டி யார் யார் வீட்டில் இருக்கிறது என்றாவது அறியலாம் என்று அவள் சுங்கத்தில் விசாரித்தாள். யாழ்ப்பாணத்துக்குப் போன பெட்டிகளின் எண்ணிக்கை நாலாயிரத்துச் சொச்சம் என்று தெரிந்தது. வாங்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. வரி இல்லாத பொருளை யாரும் பின்தொடர்வதில்லை.

அவள் ஒரு மாத லீவு எடுத்தாள். தம்பிராசாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி, அளவெட்டியில் தொடங்கி வீடு வீடாகப் போனார்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிற வீடுகளைக் குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். சில வீடுகளில் உடனே கழற்றினார்கள். சில வீடுகளில் கேற்றே திறக்கவில்லை.

நான்காம் நாள் ஒழுங்கை முகப்பில் பிரவீணன் சைக்கிளோடு நின்றான். தாடி வளர்ந்திருந்தது. சைக்கிள் பையில் குறடும் திருகாணிச் சாவியும் இருந்தன.

"நானும் வாறன், மச்சாள்."

"கோபிக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஒண்டும் சொல்லேல்லை."

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பெட்டியைத் தொட விடவில்லை. "கனடாவிலை இருந்து அண்ணை காசனுப்பி வாங்கித் தந்தது. நல்லா வேலை செய்யுது. லைற் எரியுது, பாருங்கோ. நீங்கள் ஆர், உங்கடை பீப்பாயைத் திரும்ப விக்கிறதுக்கோ வந்தனீங்கள்?" என்று தம்பிராசாவைப் பார்த்துக் கேட்டாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுபாஜினி சோதனைத் தாளை எடுத்து விளக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிரவீணன் அதுவரை எந்த வீட்டிலும் வாய் திறந்ததில்லை.

"தங்கச்சி, என்ரை பிள்ளை எழுபத்தாறு நாள்தான் இருந்தது" என்றான். "எங்கடை வீட்டுப் பெட்டியிலையும் லைற் எரிஞ்சது."

அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு விலகி வழி விட்டாள். அவன் குசினிக்குள் போய்த் திருகாணிகளைக் கழற்றினான். ஒன்று கை தவறி விழுந்து அடுப்புக்குக் கீழே உருண்டது.

"அப்ப நான் எந்தத் தண்ணியைக் குடிக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பிரதேச சபையின் தண்ணீர் வண்டி, அந்த பவுசர், கிழமையில் இரண்டு நாள் வரும் என்று சுபாஜினி சொன்னாள். அது எல்லா ஒழுங்கைக்கும் வராது என்பது அவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். தம்பிராசா ஒரு தாளில் அந்த வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டார். பிரவீணன் பெட்டியைத் தூக்கிச் சைக்கிளின் பின்னால் கட்டினான். அன்று அது ஆறாவது. வெயில் ஏறிவிட்டிருந்தது. மூவரும் அடுத்த வீட்டின் கேற்றைத் தட்டினார்கள்.