விருந்தாளிக்குக் காய்ந்த தெரு

புல் சுருள் சுருளாக வந்து இறங்கியது. கோரைப்பாயைச் சுருட்டுவது போல வேரும் மண்ணுமாகச் சுருட்டி, ஈரச் சாக்கில் பொதிந்திருந்தார்கள். காஜா முகைதீன் தன் லோடு ஆட்டோவிலிருந்து ஒவ்வொன்றாகத் தோளில் சாய்த்து இறக்கி, ஜங்ஷன் பக்கத்துப் புது நடைவீதியின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புல் வாடிவிடும் என்று மேஸ்திரி விரட்டினார். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் லாரி தயாராக நின்றது. குழாயைத் திறந்து ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தார் காஜா. நல்ல ஆற்றுத் தண்ணீர். அவருடைய தெருவுக்கு அது வாரத்துக்கு ஒருமுறை வரும், அதிலும் முதல் நாலு குடத்தைக் கீழே கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் பஸ் திரும்பும், பழவண்டிகள் நிற்கும், காலையில் கொத்தனார்களும் சித்தாட்களும் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று கூட்டமாக நிற்பார்கள். இப்போது தரையை முழங்கால் உயரம் ஏற்றி, சாம்பல் நிறக் கிரானைட் பதித்து, வெள்ளைக்காரன் காலத்து விளக்குக் கம்பம் போல ஒன்றை வரிசையாக நட்டிருந்தார்கள். ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் வேலையைத் தொடங்கியபோதே பழைய சாக்கடையை மூடிவிட்டார்கள். மூடினால் தண்ணீர் நின்றுவிடுமா? ஓட்டல் தண்ணீரும் லாட்ஜ் கழிவும் வேறு பள்ளம் தேடிப் போயின. அந்தப் பள்ளம்தான் கீழ ஓடைத்தெரு. காஜா முகைதீன் பிறந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்ட தெரு.

"பாய், இங்க வாங்க" என்று கூப்பிட்டார் கிருபைராஜ். நடைவீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் இளம் பொறியாளர். நாசரேத் பக்கம். நல்ல பையன்தான். சாக்கடைக்காகக் காஜா கொடுத்த மனுக்களை வாங்கும்போதெல்லாம் முகம் கோணாமல் வாங்குகிறவர்.

"மெட்ராஸ்ல இருந்து பெரிய மேடம் வந்திருக்காங்க. திட்டத்துல கொஞ்சம் பணம் மிச்சம் கிடக்கு. இங்கன பாட்டுப் பாடுத நீரூற்று போடவா, உங்க தெருவுக்குப் பாதாளச் சாக்கடை போடவான்னு ரெண்டு எடத்தையும் நேர்ல பாத்துட்டு முடிவு எழுதுவாங்க. நான்தான் உங்க தெருவச் சொல்லி வச்சேன். ஜும்மா முடிஞ்சதும் நீங்களே முன்னால வண்டியில போயி வழிகாட்டுங்க."

காஜா கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார். தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"நஃபீஸத், மத்தியானம் ஆபீசருங்க நம்ம தெருவுக்கு வாராவ. சாக்கடை விசயமா. எல்லாரையும் தெருவுல இருக்கச் சொல்லு."

"எத்தனை பேரு?"

"நாலஞ்சு பேரு இருக்கும். மெட்ராஸ்காரம்மா ஒருத்தவுங்களும் உண்டு."

"பசியாற எதும் செய்யணுமா?"

"குடிக்க எதாவது குடு, போதும். வைக்கேன், லோடு இறங்குது."

அவ்வளவுதான் பேசினார். பிறகு எத்தனையோ தடவை அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்து வண்டிக்காரன் பலவேசம் புல்சுருளின் மேல் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான். "என்ன வே, முகத்துல பல்பு எரியுது. துபாய் மருமவன் எதும் அனுப்பியிருக்கானா?"

"எங்க தெருவுக்குச் சாக்கடை வரப்போவுதுலே."

"ஏன், இதுவரைக்கும் வரலையாக்கும்?"

காஜாவும் சிரித்துவிட்டார். சிரிக்கிற மாதிரி இருந்தது அன்று காலை.

ஜங்ஷன் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தபோது வெள்ளைக் கார் நின்றது. அதற்கு முன்னால் அவர் லோடு ஆட்டோவை விட்டார். முந்தின நாள் மழை நன்றாகப் பெய்திருந்தது. தெரு இன்றைக்கு முழுக் கோலத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர், அதில் மிதக்கும் ஓட்டல் இலை, பக்கத்து வீட்டு ஜுபைதா பீவி வாசலில் ஒதுங்கும் கண்ட கழிசடை. மேடம் வண்டியை விட்டு இறங்கவே தேவையிருக்காது. கண்ணாடியை இறக்கினாலே போதும். காரில் ஏறும்போது பார்த்தார், அந்த அம்மா நல்ல தோல் செருப்பு போட்டிருந்தார். அதை நினைத்துக்கூட காஜாவுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

தெருமுனையில் திரும்பினார். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

தெரு காய்ந்து கிடந்தது.

காய்ந்தது மட்டுமில்லை. வீடு கட்டுவதற்கு ஜுபைதா பீவி வீட்டில் குவித்திருந்த எம்-சாண்ட் மணலை அள்ளி, தெரு நெடுகப் பரப்பியிருந்தார்கள். இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாக ஓடியது. பள்ளிவாசலில் இருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. பந்தல்காரரிடம் வாங்கிய ஒரு துணி மேலே கட்டியிருந்தது. ஊதுபத்தி புகைந்தது. பெண்கள் பெருநாள் துப்பட்டிகளில் நின்றார்கள். ஒரு தாம்பாளத்தில் நன்னாரி சர்பத் கிளாஸ்கள், மேலே எலுமிச்சை விதை மிதக்க.

காஜாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கீழ ஓடைத்தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஓடை ஓடுவது வீடுகளின் பின்பக்கம். அங்கிருந்து இரண்டு சந்துகள் வழியாகத்தான் தண்ணீர் தெருவுக்குள் வழியும். கல்யாணம், சுன்னத்து என்று வெளியூர் ஆட்கள் வருகிற நாளில், அந்தச் சந்துகளின் வாயில் மணல்மூட்டைகளை இறுக்கி அடுக்கிவிடுவார்கள். தெரு காயும். தண்ணீர் போக்கிடம் இல்லாமல் பின்வாசல் வழியாக வீடுகளுக்குள் ஏறும். அடுப்படியில் நிற்கும், கக்கூசில் பொங்கும். விருந்தாளி கை கழுவிப் போகிறவரை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். பிறகு மூட்டையை எடுப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்றால் மூட்டை ஏறிவிடும்.

மேடம் இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். "பரவால்லையே. ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க" என்றார். பொய் இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். ஜுபைதா பீவி தாம்பாளத்தை நீட்டினாள். "எடுத்துக்கிடுங்க மேடம். ஐஸ் போட்டிருக்கு."

"மேடம்" என்றார் காஜா. "இது இன்னைக்கு மட்டுந்தான் மேடம். நீங்க வாரிங்கன்னு செஞ்சிருக்காவ. பின்னால வந்து பாத்தீங்கன்னா தெரியும்."

"அப்படியா? பின்னால எப்படிப் போறது?"

வீட்டுக்குள் நுழைந்துதான் போக முடியும். காஜா தன் வீட்டு வாசலைப் பார்த்தார். நஃபீஸத் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், இருட்டில், தரையில் ஏதோ பளபளத்தது. தண்ணீர் நடுவீடு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே மகள் அஸ்ஃபியா, பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையோடு கட்டிலில் இருக்கிறாள். கட்டில்காலுக்குச் செங்கல் கொடுத்திருப்பார்கள்.

"ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போலாமா அம்மா?" என்று மேடமே கேட்டார்.

நஃபீஸத் சிரித்தாள். கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற சிரிப்பு. "புள்ள பெத்தவ படுத்திருக்கா மேடம். வீடு போட்டது போட்டபடி கிடக்கு. இன்னொரு நாளைக்குக் கண்டிப்பா வாங்க. சோறாக்கித் தாரேன்."

கணவனை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

காஜா நாலு எட்டில் சந்துக்குப் போனார். மூட்டைகளுக்குப் பின்னால் தண்ணீர் முழங்காலளவு நின்று மூட்டைகளை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. மேல் மூட்டை ஒன்றை இழுத்தால் போதும். ஒரே பாய்ச்சலில் எல்லாம் வந்துவிடும். மூட்டையின் காதைப் பிடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பச்சைப் பாவாடை போட்ட பிள்ளைகள் அவரையே பார்த்து நின்றன. ஜுபைதா பீவி விசிறிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்கு வந்து, நம் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறவர் காலில் மலத்தண்ணீரைத் திறந்து விடுவதா?

அவர் கை மூட்டையில் இருந்தது. அப்படியே இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்.

கிருபைராஜ் சந்து பக்கம் நடந்து வந்தார். அவருடைய ஷூ மணலில் ஒரு இடத்தில் பொசுக்கென்று இறங்கியது. தூக்கிப் பார்த்தார். விளிம்பில் கறுப்பு. மூட்டைகளைப் பார்த்தார், காஜாவைப் பார்த்தார். ஷூவை மணலில் இரண்டு தடவை தேய்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காஜாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது காரில் ஏறும்போதே முடிவாகியிருக்கலாம். ஆனால் தெருவை ஒதுக்க ஒரு காரணத்தையாவது அவர்களாகத் தேடிக்கொள்ளும்படி விட்டிருக்கலாமே. அதையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாயிற்று.

கார் போனதும் பையன்கள் மூட்டையைப் பிரித்தார்கள். பெண்கள் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் இரைந்து வந்து எம்-சாண்டைச் சேறாக்கித் தெரு நெடுக இழுத்துக்கொண்டு போனது. காஜா வீட்டுக்குள் போனபோது நஃபீஸத் துப்பட்டியை வரிந்து கட்டி, முறத்தால் நடுவீட்டுத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அறிவு இருக்கா?" என்றார். "அவுங்க எதுக்கு வந்தாவன்னு சொன்னேன்லா?"

"சொன்னீங்க. ஆட்கள் வாராவன்னு சொன்னீங்க. குடிக்கக் குடுன்னீங்க."

"சாக்கடையப் பாக்க வாரவுகளுக்குச் சாக்கடையத்தானட்டீ காட்டணும்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. "அஸ்ஃபியாவ மொதல்ல பொண்ணு பாக்க வந்தவுக தெருமுனையோட திரும்பிப் போனாவளே, மூக்கப் பொத்திக்கிட்டு. அன்னைக்கு மூட்டை வைக்க நேரமில்லாமப் போச்சு. நீங்க வண்டில லோடுக்குப் போயிட்டீங்க. நான்தான் வாசல்ல நின்னு பாத்தேன். இன்னொருக்க அப்படி என்னால நிக்க முடியாது. நம்ம நாத்தத்த மோந்து பாத்துட்டுத்தான் நமக்குத் தருவாவன்னா, அது என்னத்துக்கு?"

"அதுக்குத்தானட்டீ இத்தனை வருசமா அலையுதேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே பிள்ளை அழுதது. அன்று ஏறிய தண்ணீரின் வாடை சுவரை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே பிள்ளைக்கு வயிற்றால் போனது. அஸ்ஃபியாவின் மாமியார் ஆட்டோவோடு வந்து, நாற்பது நாள் முடிவதற்கு முன்னாலேயே தாயையும் பிள்ளையையும் மேலத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தகராறு ஒன்றும் பண்ணவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள், உள்ளே வரவில்லை. நஃபீஸத் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கிருபைராஜ் மூலமாகத்தான் செய்தி வந்தது. கீழ ஓடைத்தெரு நல்ல பராமரிப்பில் இருக்கிறது, அவசரத் தேவை இல்லை என்று எழுதியாகிவிட்டது. மிச்சப்பணம் நீரூற்றுக்கு. சொல்லும்போது அவர் காஜாவின் முகத்தைப் பார்க்காமல் விரித்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த திட்டத்துல பாப்பம் பாய்."

"வே" என்றான் பலவேசம், டீ குடித்தபடி. "ஆபீசருக்குச் சர்பத் குடுத்தா காரியம் நடக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஐஸ் போட்டுக் குடுத்துக் காரியத்தக் கெடுத்தது ஒங்க தெருதான்."

இந்த முறை காஜா சிரிக்கவில்லை. டீக்காசைப் பலவேசமே கொடுத்தான்.

நீரூற்றுக்கு வேண்டிய குழாய், ஜல்லி, கலர் விளக்குப் பெட்டி எல்லாம் காஜாவின் வண்டியில்தான் வந்தது. வந்த லோடை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

திறப்பு விழா முடிந்து நாலைந்து நாள் கழித்து, தெருப் பெண்கள் நீரூற்று பார்க்கப் போக வேண்டும் என்றார்கள். பாட்டுக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் ஆடுகிறதாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பியிருந்தன. நஃபீஸத் வரமாட்டாள் என்று நினைத்தார். அவள்தான் முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டில் இருந்து என்ன செய்ய, என்றாள். காஜா வண்டியில் ஜமுக்காளம் விரித்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டார். நடைவீதிக்குள் வண்டி விடமாட்டார்கள். முகப்பில் இறக்கிவிட்டு, அவர் ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கிரானைட் தரையில் ஏறினார்கள். ஏறியதும், யாரும் யாரையும் பார்க்காமல், அத்தனை பேரும் குனிந்து பர்தாவை ஒரு கைப்பிடி தூக்கிக்கொண்டார்கள். குதிகாலைத் தரையில் படவிடாமல், எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து, நுனிக்காலால் நடந்தார்கள். தரை கண்ணாடி மாதிரிக் காய்ந்து கிடந்தது.

காவலுக்கு நின்ற பையன் சிரித்தான். "யம்மா, இங்கன தண்ணி ஒண்ணும் இல்ல. கீழ விட்டுட்டு நடங்க."

ஜுபைதா பீவி வெட்கத்தோடு சிரித்துப் பர்தாவைக் கீழே விட்டாள். ஒவ்வொருத்தியாக விட்டார்கள். நஃபீஸத்தும் விட்டாள், விட்டுக் கொஞ்ச தூரம் போனாள். பிறகு அவளுடைய கை பையக் கீழே போய், துணியை மறுபடியும் திரட்டிப் பிடித்தது. முன்னால் ஏதோ பாட்டு ஆரம்பித்தது. தண்ணீர் ரோஜா நிறத்தில் எழும்பி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி நின்றது. அவள் பர்தாவைத் தூக்கிப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.