மஹ்ரூப் முதலாளி பயணம் சொன்ன கதை

ஆகாயக் கப்பலில் சென்னப்பட்டணம் போகப்போவதாக மஹ்ரூப் முதலாளி சொன்ன நாளிலிருந்து கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனுசன் ரயிலிலும் கப்பலிலும் போனால் ஆகாதா என்று கேட்காதீர்கள். கொழும்புப் பக்கம் புதிதாக விமான நிலையம் திறந்திருக்கிறார்களாம், தபாலோடு ஓர் ஆளையும் ஏற்றுவார்களாம். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, செய்த பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். சென்னப்பட்டணம் போக யாரும் அப்படிச் செய்ததில்லை.

"அவங்க கடல்ல போறாங்க. நான் ஆகாயத்துல போறேன். விழுந்தா அடக்கம் செய்ய மையத்தும் மிஞ்சாது," என்று சொல்லிவிட்டு மஹ்ரூப் கிளம்பிவிட்டார். மூன்று நாளில் நாற்பது வீடு. போன இடமெல்லாம் தேத்தண்ணியும் கண்ணீரும்தான்.

கடைசி வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த ஆஸியா உம்மாவுடையது. கூடப்பிறந்த அக்கா; இவருக்கு ராத்தா. ஆறு வருசமாகப் பேச்சில்லை. ராத்தாவின் மகள் கலியாணத்தில், முதல் பந்தியில் தன்னை இருத்தவில்லை என்ற கோபத்தில், பாதிச் சாப்பாட்டில் சஹனை விட்டு எழும்பி வந்தவர் இவர். ஆறு பேர் சுற்றியிருந்து கை வைக்கிற தட்டு அது; ஒருவர் எழும்பினால் மற்ற ஐந்து பேரின் கையும் நின்றுவிடும். சம்பந்தி வீட்டார் முன்னால் ராத்தாவின் மானம் போய்விட்டது. அதை நினைத்தால் இவருக்கே சோறு இறங்காது. ஆனாலும் போய்ச் சொல்ல ரோசம் விடவில்லையே! இப்போது விமானம் வழி செய்து கொடுத்தது.

ராத்தா கதவைப் பாதிதான் திறந்தார்.

"நாளக்கிப் பயணம், ராத்தா. அன்டக்கி நான் செஞ்சது பெரிய பிழ. மன்னிச்சிக்கோங்க."

ராத்தா கதவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"ஆகாயத்துல போறவனுக்கு இல்லண்டு செல்ல ஏலுமா? மன்னிச்சேன். பெய்த்து வா."

அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. மஹ்ரூபுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் ரயிலேறி, அதற்கடுத்த நாள் காலை, தொதல் இனிப்பு நிறைந்த தகரப் பெட்டியோடு அவர் போய் இறங்கிய இடத்தில் புல் இருந்தது. புல்லில் இரண்டு மாடு நின்றது. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில், ஒரு கம்பத்தில் காய்கிற சட்டைக் கை மாதிரி ஒரு துணி. கொட்டிலில் வீரசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார்.

"விமான நிலையம் எங்க தம்பி?"

"நீங்கள் நிக்கிறதுதான் ஐயா."

"இதுவா? பேராதனை ஸ்டேஷன்ல கூட உக்கார நாலு வாங்கு ஈக்கி! ஒரு தேத்தண்ணிக் கடைகூட இல்லயே!"

வீரசிங்கம் சிரித்துவிட்டுத் தராசைக் காட்டினார். முப்பது வருசமாக ஊரார் மிளகையெல்லாம் நிறுத்த முதலாளி, அன்றைக்குத் தானே தராசில் ஏறி நின்றார்.

"பாத்து நிறுங்க தம்பி. நான் காஞ்ச சரக்கு, ஈரமில்ல."

முள் கேட்கவில்லை.

"இண்டைக்குத் தபால் மூட்டை கூடிப்போச்சு ஐயா. உங்கட பாரத்துக்கு இடமில்லை. வாற கிழமை வாங்கோ."

"ஊர் முழுக்கப் பயணம் செல்லிட்டு வந்தவன் தம்பி நான்! இனி எந்த மூஞ்சோட போற?"

வீரசிங்கம் அடுத்த மூட்டையைத் தராசில் வைத்தார். தபால் மூட்டைகளெல்லாம் சொகுசாக ஏறிப் பறந்தன. மஹ்ரூப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

கண்டி வரும் வரைக்கும் ஒரே யோசனை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நாலு நாளில் ஓய்ந்துவிடும். ராத்தா என்ன நினைப்பார்? ஏறாத விமானத்தைக் காட்டி ஏமாற்றி மன்னிப்பு வாங்கினான் என்றல்லவா நினைப்பார்! ஆறு வருசத்துக்குப் பிறகு கிடைத்தது இரண்டு நாள்கூட நிற்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ் அக்குறணையில் நின்றது. ராத்தா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹ்ரூப் நேரே போய் முன்னால் நின்றார்.

"ஏத்தல்ல ராத்தா. பாரம் கூடவாம். சத்தியமாப் போகத்தான் போன. தந்த மன்னிப்பத் திரும்ப எடுக்கிறண்டா எடுத்துக்கோங்க."

ராத்தா அவர் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

"எத எடுக்க? நான் வாயாலதானேடா மன்னிச்சேன்னு சென்ன. மனசால செல்லல்ல. நீ போன பொறகு அது என்னப் போட்டு அறுத்திச்சி. மேலால ஒரு பருந்து போனாலும் நீதாண்டு கொல நடுங்கிச்சி. அப்பிடியே நீ விழுந்திருந்தா நான் என்ன செய்ற?"

மஹ்ரூப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்த எடம் எப்பிடி ஈக்கி?"

"அதையேன் கேக்கிறீங்க! வெறும் புல்லு, ராத்தா. ரெண்டு மாடு, ஒரு தகரக் கொட்டில். ஆள் ஏற லாயக்கில்லாத எடம்."

ராத்தா இரண்டு கையையும் ஏந்தினார்.

"யா அல்லாஹ், அத அப்பிடியே வெச்சிரு!"