வண்டிக்குள் பேசியதெல்லாம்

கிளட்ச் மாஸ்டர் என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், அதற்கு ஒரே ஒரு வண்டி, அந்த வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். தன் காலடியிலேயே கிளட்ச் இருந்தாலும் அதை மிதிக்காமல், ஓட்டுகிறவரைப் பார்த்து "கிளட்ச்!" என்று கத்துவார். ஏற்றிவிட்ட கண்ணாடியையும் தாண்டி அந்தச் சத்தம் தெருவுக்கு வந்துவிடும். பேரும் அப்படித்தான் வந்தது.

வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா. சாலையையும் எடுக்கும், உள்ளே இருப்பவர்களையும் எடுக்கும், பேச்சையும் பிடிக்கும். கேமரா இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஒருமுறை, கற்றுக்கொள்ள வந்த ஒருவர் யார் வீட்டுக் கேட்டிலோ வண்டியை ஏற்றிவிட்டு, மாஸ்டர்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார் என்று சாதித்தார். பஞ்சாயத்து வீடு வரைக்கும் வந்தது. மாஸ்டர் வீடியோவைப் போட்டுக் காட்டினார். வந்தவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒரு பாடத்தைக்கூட அவர் அழித்ததில்லை. எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறின.

அதே கம்ப்யூட்டரில்தான் அவர் மனைவி கட்டட வரைபடங்கள் போட்டாள். மாஸ்டரின் மாணவர்கள் பெருகப் பெருக, அவளுடைய வேலை நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒரு மாடிப்படியைத் திறந்தால் முதலில் படிகள் வந்தன. கைப்பிடி, அவள் போய் முகம் கழுவிவிட்டு வந்த பிறகு வந்தது.

"இதுல ஒண்ணு உங்க வீடியோ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் ஒருநாள்.

"அழிக்க மட்டும் சொல்லாதே. உயிரே போனாலும் அழிக்க மாட்டேன்."

அதற்கு முன் ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க் வாங்கி, அது மேஜையிலிருந்து விழுந்து, ஒரு வருஷத்துப் பாடங்களோடு கண்ணை மூடியிருந்தது. அதனால் கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறு யோசனை சொன்னார். எல்லாவற்றையும் டிவிடி டிஸ்கில் எழுதி அலமாரியில் அடுக்கிவிடலாம். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். எழுதுவதற்கு வெளியிலிருந்து சொருகுகிற ஒரு பெட்டியும், எழுதாத டிஸ்குகள் கோபுரமாக அடுக்கிய டப்பாக்களும் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு மாஸ்டர். எழுதினதும் நம்பி அழிச்சிடாதீங்க. ஒவ்வொரு டிஸ்கையும் போட்டு, படம் வருதா, சத்தம் வருதான்னு நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு அப்புறம் அழிங்க. டிஸ்க்கு மாத்த, பாக்க, யாராவது பக்கத்துலயே உக்காரணும்."

அந்த யாராவது யார் என்பதுதான் கேள்வி. மாஸ்டருக்குக் காலையிலிருந்து மாலைவரை வண்டி. மனைவி அந்த மாதம் முழுக்கக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"நான் உக்காரறேன்" என்றார் மாமியார்.

மாஸ்டரின் மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதை இணைத்துக் கொடுத்தவர். காதில் விழுந்தது எதையும் வெளியே விடாதது அந்த வேலையில் ஒரு பகுதி. அந்தப் பகுதியிலிருந்து மட்டும் அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. மகள் வீட்டோடு வந்து சில வருஷங்கள் ஆகியும், அவருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நடந்த பேச்சு மிகச் சிக்கனமானது. "சரிங்க அத்தை", "வேணாங்க அத்தை", "வரேங்க அத்தை" ஆகிய மூன்றை வைத்தே மாஸ்டர் காலத்தை ஓட்டிவிட்டார். பகல் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறவர் வீட்டில் வாயைத் திறக்காததை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மனைவி தன் ஹெட்போனை அம்மாவிடம் கொடுத்தாள். மாமியார் அதை ஒரு பார்வை பார்த்து, துடைத்து, தலையில் மாட்டிக்கொண்ட விதத்தில் பழைய உத்தியோகம் தெரிந்தது. மாஸ்டர் நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று வந்தவர், சில வாரங்களாகவே கற்றுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர். பொடி எழுத்துச் சீட்டையெல்லாம் அனாயாசமாகப் படிக்கிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்குவார். கை நடுங்குகிறவர்களுக்கு மாஸ்டரிடம் ஒரு வைத்தியம் உண்டு. கதை சொல்வார். சிரித்தால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் கை நிற்கும். அவர் கதைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கதாநாயகிதான்.

"எங்க வீட்ல என் மாமியார் இருக்காங்களே..." என்று ஆரம்பித்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் மாமியார் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இருக்காங்களே?" என்று மருந்துக்கடைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

"இருக்காங்க."

"அப்புறம்?"

"நல்லா இருக்காங்க."

அடுத்த நாற்சந்தியில் மருந்துக்கடைக்காரர் கிளட்சை மறந்தார். யாரும் கத்தவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுரோட்டில் நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. மாஸ்டர் பேயறைந்தது போல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷக் கதைகள்! ஃபேன் கதை: "என் மாமியார் ஃபேனை ஒண்ணுல வெச்சுட்டு, காத்து வருதா மாப்பிள்ளைன்னு கேப்பாங்க. வருதுன்னு சொன்னா அணைச்சிடுவாங்க." போன் கதை: "வீட்டு போன் அடிச்சா ஹலோ சொல்ல மாட்டாங்க. எந்த ஊர் வேணும்னு கேப்பாங்க." இவற்றையாவது சமாளிக்கலாம். ரிவர்ஸ் பாடம் ஒன்று இருந்தது. பின்னால் பார்க்காமல் வேகமாக வண்டியை எடுக்கிற ஒரு கல்லூரி விரிவுரையாளரிடம், "பின்னாடி என் மாமியார் நிக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டு எடுங்க" என்றார் மாஸ்டர். அவர் அப்பாவியாக, "அப்ப இன்னும் வேகமா எடுக்கணுமா மாஸ்டர்?" என்று கேட்டார். ஒரு தெரு நீளத்துக்கு இருவரும் சிரித்தார்கள். அது நன்றாக எடுபட்டதால், பிறகு வந்த எல்லோரிடமும் அதை அவரே இரண்டு குரலிலும் சொல்லிக் காட்டியிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். மாமியார் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சத்தம் வெச்சுதான் பாக்கறீங்களா அத்தை?" வருஷக்கணக்கில் மாமியாரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"சத்தம் வருதான்னு பாக்கச் சொன்னாரே கடைக்காரர்."

"நடுவுல அஞ்சு நிமிஷம் பாத்தா போதும்னாரு."

"பேச்சு நடக்கறப்ப பாதியில லைனை விட்டு எழுந்துக்கற பழக்கம் எனக்கு இல்ல மாப்பிள்ளை."

"சரிங்க அத்தை" என்றார் மாஸ்டர்.

மாலையில் மனைவி வந்ததும் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "யோசிச்சுப் பாத்தேன். எல்லாத்தையும் அழிச்சிடலாம். உன் வேலைதானே முக்கியம்."

"உயிரே போனாலும் அழிக்க மாட்டேன்னீங்க?"

"அது அப்ப."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றால் மேஸ்திரிகளே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மாஸ்டரும் சொன்னார். ஃபேன் கதையைக் கேட்டு, "அது நெஜந்தானே" என்றாள். போன் கதைக்கு, "அதுவும் நெஜந்தான்" என்றாள். ரிவர்ஸ் கதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாஸ்டர் கலங்கிப்போனார். அழவில்லை.

"அம்மா கேட்டாங்களா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதான் தெரியல."

"தெரியவும் தெரியாது. எங்க அப்பாவுக்கே கடைசி வரைக்கும் தெரியல."

அதற்கு மேல் நாட்கள் நரகமாகப் போயின. வெளியே பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. டிஸ்குகள் ஒவ்வொன்றாக நிரம்பின. மாமியார் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் மாதத்தையும் வருஷத்தையும் எழுதி உறையில் போட்டார். அலமாரியின் ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு தொடங்கியது. ஆனால் மாஸ்டர் தன் அறைக்குப் போனால் ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் நாள் மறந்துபோய் வைத்திருப்பார்கள் என்று நினைத்தார். மறுநாளும் ஐந்து. அடுத்த நாள் காலண்டர் ஆணியிலிருந்து பறந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. யார் வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மாஸ்டர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தார். வீட்டு போன் அடித்தபோது மாமியார் எடுத்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகத் தெளிவாக, "ஹலோ" என்றார்.

வண்டியில் மாஸ்டர் ஊமையாகிவிட்டார். மருந்துக்கடைக்காரரின் நடுக்கம் முழங்கை வரை ஏறியது. "மாஸ்டர், உங்க வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று அவரே கேட்டார். மாஸ்டர் கேமராவைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்ல எல்லாரும் தங்கமானவங்க" என்றார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மாமியார் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, ஒரு டிஸ்குல சத்தம் வரல. கொஞ்சம் வந்து பாருங்க."

மாஸ்டர் போய்ப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். டிஸ்கை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார். ஹெட்போனின் ஒயர் பாதி வெளியே வந்திருந்தது. அதை முழுசாகப் பிடுங்கினார். சத்தம் வந்தது, அறை முழுக்க.

"...காத்து வருதுன்னு சொன்னா ஃபேனை அணைச்சிடுவாங்க. அணைச்சிட்டு, பல்பையும் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிடுவாங்க!"

திரையில் மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் படத்தை நிறுத்தினார்.

"நான் பல்பு கழட்டல."

"இல்லீங்க அத்தை."

"முதல் வருஷத்துல இந்தக் கதையில பல்பு இல்ல. அப்ப நல்லா இருந்துச்சு. போகப்போகச் சேத்துக்கிட்டே வந்திருக்கீங்க. ஃபேனை அணைச்சதோட நிறுத்தணும். அதுக்கு மேல போனா, கதைன்னு தெரிஞ்சிடுது."

"சரிங்க அத்தை."

"ரிவர்ஸ் எடுக்கறது நல்லா இருக்கு. அந்த வாத்தியார் கேட்டதுதான் நல்லா இருக்கு. அப்புறம் நீங்களே கேட்டு நீங்களே சிரிக்கறது அவ்வளவா எடுபடல."

மாஸ்டருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கத் தோதான வாக்கியம் அந்த மூன்றில் இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை. கை நடுங்குறவங்களுக்காகச் சும்மா..." என்று இழுத்தார்.

"தெரியுது. நானும் பாக்கறேனே. சிரிச்சதும் எல்லாரும் ஒழுங்கா ஓட்டறாங்க." மாமியார் டிஸ்கை வெளியே எடுத்து உறைக்குள் போட்டார். "கோபம் வந்துச்சு. முதல் ரெண்டு நாள் ஃபேனை அதனாலதான் வெச்சேன். அப்புறம் அது பழக்கமாயிடுச்சு. எனக்கு வருத்தம் என்னன்னா, இந்த வீட்ல நீங்க என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. முன்னப்பின்ன தெரியாத ஒரு மருந்துக்கடைக்காரர்கிட்ட என்னைப் பத்தி ஒரு மணி நேரம் பேசறீங்க. அந்த மனுஷனுக்குக் குடுத்துவெச்சிருக்கு."

மாஸ்டர், தான் பிடுங்கிய ஒயரை எடுத்துத் திரும்பச் சொருகினார்.

"எப்ப வண்டி சும்மா நிக்கும்?" என்றார் மாமியார்.

"இன்னிக்கு லீவுதான். ஏங்க அத்தை?"

"நானும் கத்துக்கறேன்."

பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய காலிச் சாலைக்கு மாஸ்டர் ஓட்டிக்கொண்டு போய், இடத்தை மாற்றி உட்கார்ந்தார். மாமியார் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார், சீட்டை முன்னால் இழுத்தார், சாவியைத் திருகினார். மற்றவர்கள் செய்த தவறுகளையெல்லாம் பார்த்திருந்ததால் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. கால்தான் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்கவில்லை. வண்டி எகிறி நின்றது. திரும்பவும் எகிறி நின்றது. மாமியாரிடம் எப்படிக் கத்துவது? தன் பக்கத்துக் கிளட்சைச் சத்தமில்லாமல் மிதித்துக்கொடுத்தார். வாழ்க்கையில் அவர் அதை மிதித்தது அன்றுதான்.

மாமியாரின் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வீட்ல ஒரு மாப்பிள்ளை இருக்கார் மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"காலையில எழுந்ததும் சரிங்க அத்தைம்பார். நான் எதுவும் கேட்டிருக்கவே மாட்டேன். ஒருநாள் என்னதான் பண்றார்னு பாக்கலாம்னு, வீடு பத்திக்கிச்சு மாப்பிள்ளைன்னு சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"சொல்லல. சும்மா சேத்துக்கறேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாராம்?"

"வேணாங்க அத்தைன்னார்."

மாஸ்டருக்கு முதலில் மூக்கில்தான் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. மாமியாரும் சிரித்தார். தோள் இறங்கியது. வண்டி நகர்ந்தது, ஒழுங்காகவே நகர்ந்தது. மைதானத்தின் மூலையில் ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே நடந்துவர, மாமியார் பிரேக்கை மட்டும் தேடினார்.

"கிளட்ச்!" என்று மாஸ்டர் கத்தினார்.

நாய் ஓடியே போய்விட்டது. மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமியார் நிதானமாகக் கிளட்சை மிதித்து, பிரேக்கை மிதித்து, வண்டியை அணைக்காமல் நிறுத்தினார்.

"இப்படி வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்" என்றார்.

மாமியாருக்கு லைசென்ஸ் கிடைத்தது. முதல்முறை ரிவர்ஸில் தோற்று, இரண்டாம் முறை வாங்கினார். மருந்துக்கடைக்காரருக்கும் கிடைத்தது, பல்பு இல்லாத கதையால். டிஸ்குகள் அலமாரியை நிரப்பி முடித்தன. கம்ப்யூட்டர் லேசாகிவிட்டது, மாடிப்படியும் கைப்பிடியும் சேர்ந்தே வந்தன. ஆனால் மனைவிக்கு வேறு தொந்தரவு ஆரம்பித்தது. அவள் வரைபடத்தில் உட்காரும் நேரம் பார்த்து, அவள் முதுகுக்குப் பின்னால் இருவரும் யார் எந்தக் கதையில் எதைச் சேர்த்தார்கள் என்று வாதாடினார்கள். ஒருநாள் ஒரு சமையலறைக்குக் கதவே வைக்காமல் வரைந்துவிட்டு, அவள் வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க."

மாமியார் சாவியை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.