தங்கையின் இடுப்பளவு

தங்கை துணி தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம் தையல்கார அக்காவுக்கு ஒரே வேண்டுதல்தான்: இந்த முறையாவது இவள் இடுப்பு ஓர் அங்குலம் ஏறியிருக்க வேண்டும். ஏறாது. பெண்ணைப் பெற்றாள்; அந்தப் பெண் வேலைக்கும் போய்விட்டாள். அளவு மட்டும் கல்யாணத்தன்று இருந்த அதே அளவு. அக்கா குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு, வயிற்றெரிச்சலை மட்டும் விழுங்குவாள்.

அக்கா காலையில் நடந்து பார்த்தாள், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிப் பார்த்தாள். உடம்பு அசைந்து கொடுக்கவில்லை. தங்கையோ பாதி கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு அதை மறந்தே போவாள். ஒல்லி உடம்பைக்கூட மன்னித்துவிடலாம். அந்த மறதியைத்தான் அக்காவால் பொறுக்க முடியவில்லை. மிச்சக் கேக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் அது அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

முட்டி வலிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல வேற யாருக்கு இந்த உடம்பு?"

"எங்கப்பாவுக்கு. அத்தைக்கும்."

"கொஞ்சம் பிறப்புலயே வர்றதும்மா. எவ்வளவு பசிக்குது, எப்ப போதும்னு தோணுது, எது ருசிக்குது, எல்லாத்துலயும் மரபணுவுக்குப் பங்கு இருக்கு. கூடப்பொறந்தவங்களுக்கே வேற வேற மாதிரி அமையும். அதுக்காகத் தலையெழுத்துன்னு விட்டுடாதீங்க. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா கஷ்டம், அவ்வளவுதான்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், முன்னைவிடச் சூடாக. அப்படியானால் தங்கை எதையும் சாதிக்கவில்லையே! சும்மா வாய்த்த உடம்புக்கா இத்தனை வருஷப் பாராட்டு?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. தங்கை மகள் வறுத்த உருளைக்கிழங்குக்கு இரண்டாம் முறை கை நீட்டினாள்.

"போதும்டி," என்றாள் அம்மா. "உங்கம்மாவைப் பாரு, என்ன வாய்க்கட்டு! நீ அப்படியே உன் பெரியம்மா."

அக்காவுக்கு ஒரு கணம் உள்ளுக்குள் தித்தித்தது. தங்கை வயிற்றிலேயே தன் உடம்பு வந்து பிறந்திருக்கிறது! நன்றாக வேண்டும். ஆனால் அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அக்கா பள்ளிக்கூட நாளிலிருந்து சிரித்து வருகிறாள்.

"அவளை விடும்மா," என்றாள், குரல் கொஞ்சம் உயர்ந்தே விட்டது. தங்கை பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. என்னைக்காவது நீ வாயைக் கட்டியிருக்கியா?"

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தங்கை பேசாமலே இருந்திருக்கலாம். யாரும் தோண்டிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்லக்கா," என்றாள் மெதுவாக. "நாலு வாய்லயே எனக்குப் போதும்னு ஆயிடும். அம்மா புகழ்றது நல்லா இருந்துச்சு. அதான் சும்மா இருந்துட்டேன்." பிறகு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மகள் பக்கம் நகர்த்தினாள்.

மறுவாரம் அக்காவும் தங்கை மகளுமாக டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் மகள் கேட்டாள்: "பெரியம்மா, எங்கம்மாவைப் பாத்தா உங்களுக்கு எரிச்சல் வராதா?"

"வராம? இப்பவும் பத்திக்கிட்டு வரும்."

"எனக்கும்தான்," என்றாள் அவள். இருவருக்கும் வந்த சிரிப்பில் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.