டிரேஸ் ஓடும்வரை

ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் அறையில் நான்கு பெண்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் படங்களைப் பார்த்து டாக்டர்கள் பேசி வைத்ததை டைப் அடிப்பார்கள். மூன்று பேர் அடிப்பது தூறல் என்றால், ஜன்னலோரம் இருப்பவள் அடிப்பது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. அவளை எல்லோரும் ரயில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையில் மொத்தம் இருபது விரல் என்று யாராவது சொன்னால், அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். டாக்டர் மூச்சு இழுப்பதற்குள் 'எலும்பு முறிவு ஏதுமில்லை' என்று அடித்து, சேவ் செய்து, மூடி, அடுத்த நோயாளியின் நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்திருப்பாள்.

அன்று அவள் விரல்களின் மழை நின்றிருந்தது. சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைக் காட்டினார். நோயாளியின் பெயரில் ஃபைல் இருந்தது. உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை.

"நான் சேவ் பண்ணேன் சார்."

"பண்ணினா எங்க போச்சு? எலி தின்னுடுச்சா?"

"சத்தியமா பண்ணேன் சார்."

"மத்த மூணு பேரோடது பத்திரமா இருக்கு. உன்னோடது மட்டும் எப்படிம்மா காலியாகுது? இன்னொரு தடவை ஆச்சுன்னா மேல எழுதிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

மேலே எழுதினால் வேலை போகும். வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஊழியரின் குடும்பம் என்பதால், அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அவருக்கு இலவசமாக ரத்தம் சுத்தம் செய்தார்கள்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர் கழுத்தில் ஒயர் தொங்க வந்து சேர்ந்தார்; அவருக்கு அங்கே கேபிள் என்று பெயர். வாயால் ஒரு கோபுரத்தையே கட்டி, வெள்ளையும் அடித்துவிடுவார்.

"தங்கச்சி, நீ அடிக்கிறது இந்தப் பெட்டியில நிக்காது. கீழ ஒரு பெரிய பெட்டி இருக்கு, அங்க போகுது. ஒரு ப்ரோகிராம் தூக்கிட்டுப் போவான். அவன்தான் வழியில எங்கயோ போட்டுடுறான். இப்ப அவன் பின்னால டிரேஸ்னு ஒரு வேவு போட்டு விடுறேன். எடுத்தது, வச்சது, தும்முனது, கொட்டாவி விட்டது எல்லாத்தையும் அவன் கையாலேயே லாக்னு ஒரு குறிப்புல எழுதணும். கையும் களவுமா மாட்டுவான் பாரு."

டிரேஸ் ஓடியது. மாலைக்குள் லாக் வீங்கிய வீக்கத்துக்கு, அதைத் தாளில் எடுத்தால் ஆஸ்பத்திரியையே பொட்டலம் கட்டலாம். கேபிள் தினமும் வந்து அதை வேறிடத்துக்கு மாற்றி இடம் பண்ணிக் கொடுத்தார். வாரம் முழுக்க ஒரு ஃபைல்கூட காலியாகவில்லை. லாக்கில் வரிக்கு வரி 'சரி' என்றே இருந்தது.

டிரேஸை நிறுத்தினார். மதியத்துக்குள் ஒன்று காலி. ரயில் அதைத் தானே கண்டுபிடித்துத் திரும்ப அடித்துவிட்டாள். மறுபடி டிரேஸ் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. கேபிள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"புரிஞ்சுபோச்சும்மா. நீ ஒண்ணை மூடுற வேகத்துலயே அடுத்ததைத் திறக்குற. அவன் பழசை இறக்கி வைக்கிறதுக்குள்ள புதுசைத் தலையில ஏத்துற. அதுல பழசு விழுது. டிரேஸ் போட்டா, எழுதி எழுதியே அவன் மெதுவாயிடுறான். விழறதில்ல."

"அப்ப நாம பாக்குறப்ப மட்டும் ஒழுங்கா இருப்பானா?"

"ஆமா."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். டாக்டரைப் பாத்தா ஒரு வலியும் இருக்காது அவருக்கு." சிரித்தாள். "மெதுவா அடிக்கட்டுமாண்ணே?"

"வேணாம். இன்னும் ஒரே ஒரு நாள் நிறுத்தி வச்சுப் பாப்போம். நான் நெனைக்கிறது நூத்துக்கு நூறுன்னு தெரிஞ்சுடும். நீ வழக்கம்போல அடி."

அவள் வழக்கம்போல அடித்தாள். அன்று காலியான ஃபைல் அவள் கண்ணில் படவில்லை. அறுவை சிகிச்சைக்கு நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்த டாக்டரின் கண்ணில் பட்டது.

மேலாளர் அறையில் கேபிள் கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தார். அந்த ப்ரோகிராமை விற்ற கம்பெனிக்காரர் ஸ்பீக்கரில் இருந்தார்.

"தப்பு நடந்த நேரத்து லாக் அனுப்புங்க சார், பாக்குறோம்."

"லாக் எழுதுனா தப்பு நடக்காதுங்க. அதைத்தானே சொல்றேன்."

"நீங்க அனுப்புனதுல எல்லாம் சரின்னுதான் இருக்கு. எரர் இல்லாம நாங்க எதைப் பாக்குறது?"

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போலீஸ்காரர் நிக்கிற வரைக்கும் எல்லாரும் சிக்னல்ல நிப்பாங்க சார். கண்காணிக்கிறாங்கன்னு தெரிஞ்ச வாரம் பொறுப்பா இருந்திருக்கா. நிறுத்தினதும் பழைய குணம். மெஷின் சரின்னு மெஷினே எழுதிக் கொடுத்திருக்கு."

"சார், அவளோட வேகம்தான்..."

"வேகமா அடிச்சா அவசரக் குடுக்கைன்னுதான் அர்த்தம்."

ரயில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விரல்களை ஒன்றோடொன்று கோத்து மடியில் வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் ஜன்னலோரத்தில் புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கம்ப்யூட்டரில் டிரேஸை நிரந்தரமாக ஓடவிடச் சொல்லிவிட்டார் மேலாளர். கேபிள் வாயே திறக்காமல் போட்டுவிட்டுப் போனார்.

அதே காலையில் கீழ்த்தளத்தில், ரயிலின் கணவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டார். நர்ஸ் திரையைப் பார்த்தாள். அவர் பெயரை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க பேர்ல சலுகையை எடுத்துட்டாங்க போலிருக்கு. கவுன்ட்டர்ல கேட்டுட்டு வந்துடுறீங்களா?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. எங்க வீட்டுல இங்கதான் மேல வேலை பாக்குறா. அவளைக் கூப்பிட்டுக் கேளு."

நர்ஸ் கதவுப் பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே, மேலே போகாமல், ரயில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

அடுத்த நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரயிலின் கணவர் எழுந்து இடம் விட்டு, சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். சுருட்டிய சட்டையை இறக்கிவிடவில்லை. நரம்பு புடைத்த கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.