சீனிச்சாமி வாங்கிய சீமெண்ணெய் அடுப்பு

போடி கடைத்தெருவில் பாத்திரக்கடை சவுகத் அலி அந்தப் பித்தளை ஸ்டவ்வைப் பற்றிச் சொன்னதில் பாதியைத்தான் சீனிச்சாமி காதில் வாங்கினான். குரங்கணிக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பன்னிரண்டு வருடமாகத் தீ பார்க்கிறவன் அவன். காய் கருகாமல், பச்சை மங்காமல், விறகை அளந்து போட்டு ஒரே சூட்டில் நிறுத்துவதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனிடம் ஒரு சாண் அடுப்புக்குப் பாடம் நடத்தினால் ரோசம் வராதா?

"மாப்ளே, இது வெறகடுப்பு இல்ல. அடி தட்டையா இருக்கிற ஏனமா வையி, உருண்டை அடின்னா ஆடும். பொங்கி வழிய விட்டுராத. தீ மஞ்சளாச் சீறுச்சுன்னா இந்தத் திருகைத் தளத்திவிடு. காத்து எறங்குனா தன்னால அணைஞ்சுரும். தண்ணிய மட்டும் ஊத்திராத."

"நெருப்போடயே பொழங்குறவன் மாமா நான். எனக்கா சொல்றீக?"

கடைத் தூணைப் பிடித்து நின்ற அவன் மனைவி மாயக்காள் இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற வழி அது. "இன்னொரு மழைக்காலம் அடுப்புப் புகையில உக்காந்தா இந்த நெஞ்சு தாங்காதுப்பா" என்று டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஐப்பசி பிறந்தாயிற்று. மலையில் விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதி ஒரு உலை வைப்பதற்குள் அவள் சுவரில் சாய்ந்துவிடுவாள். சீனிச்சாமிக்கு அவள் என்றால் உயிர். அதைச் சொல்லத்தான் தெரியாது, வாயைத் திறந்தால் வசவாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையை விரித்துவிட்டாள். "வெடிச்சுப் போகும்னு சொல்றாக. நான் அதைத் தொட மாட்டேன்."

"நீ ஒண்ணும் தொட வேணாம். நானே பொங்குறேன், உக்காந்து வேடிக்கை பாரு."

மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எடுத்தது வீட்டிலேயே பெரிய வெண்கலப் பானை. அடி உருண்டை, கனம் ஒரு ஆள் கனம். அதோடு விட்டானா? அவள் தினமும் செய்வதைப் பார்த்த பழக்கத்தில், பானையின் அடியில் மண்ணையும் சாம்பலையும் குழைத்து அப்பினான். விறகடுப்பில் அப்படிப் பூசினால்தான் கரி பிடிக்காமல் மண்ணோடு கழுவிப் போகும். புகையே இல்லாத அடுப்புக்குக் கரி ஏது என்று அந்தத் தீக்கார மண்டைக்கு உறைக்கவில்லை. பம்பை அடித்தான். நீலமாகத் தீ நின்றது. பார்த்தாயா என்பது போல மாயக்காளைப் பார்த்து மீசையைத் தடவினான்.

அரிசி கொதிக்கிற வரைக்கும்தான் அந்த மீசைக்கு மரியாதை. சூட்டில் காய்ந்த மண் பொருக்குப் பொருக்காகத் தீயில் உதிர்ந்தது. மூன்று கம்பிக் கால் மேல் பானை ஒரு ஆட்டம் ஆடி, கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நீலம் போய் மஞ்சள் தீ குபுக்கென்று கூரை உயரத்துக்குச் சீறியது. சீனிச்சாமிக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டோரில் தீ மீறினால் செய்வதுதான் அவனுக்குத் தெரியும். குடத்துத் தண்ணீரைத் தூக்கினான்.

"ஊத்தாதீக!"

முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, தீக்கு ஒதுங்கிப் பக்கவாட்டில் குனிந்த மாயக்காள் திருகைத் தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது. தீ குட்டையாகி, அணைந்தது.

அவன் குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஒனக்கு எப்பிடித் தெரியும் புள்ள?"

"கடைக்காரவுக சொல்லும்போது நீங்க ரோசப்பட்டுக்கிட்டு நின்னீக. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்." மூச்சிரைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வெரசா போயி அடி தட்டையா ஒரு தேக்சா வாங்கிட்டு வாங்க. இனி இது என் சோலி."

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு மலை இறங்கினான். இந்தத் தடவை சவுகத் அலி சொன்னதை இரண்டு முறை கேட்டு, வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பத்து நாளில் வீட்டில் இருமல் சத்தம் ஓய்ந்தது. அவள் முகத்தில் பழைய தெளிச்சி வந்தது. சீனிச்சாமிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது. அன்று ஸ்டோரில் நாளெல்லாம் ஈர விறகுப் புகையில் நின்றுவிட்டு, வேலை முடிந்து சாயங்காலத் தூறலில் வந்தவன், வாசலில் குனிந்து உள்ளே காலை வைத்தான். ஸ்டவ்வில் தேக்சா அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாயக்காள் திரும்பினாள். திரும்பியதும் இருமினாள். நிற்காமல் இருமினாள்.

வீட்டுக்குள் புகையே இல்லை. சீனிச்சாமி தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். வைத்த காலை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

"எங்க போறீக? சோறு ஆறிப் போகும்."

"நீ உள்ளயே இரு புள்ள. வெளிய வராத."

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, தலையை மழைக்குக் கொடுத்துத் தேய்த்தான். கையை முகர்ந்து பார்த்தான். மறுபடியும் தேய்த்தான். மாயக்காள் கூரை இறவாணத்துக்குக் கீழே வந்து நின்று, துண்டுடன் கையை மழைக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள்.